இரண்டரை டன் எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட்: கொங்கு மில்லுக்கும் ஃபவுண்டரிக்கும் எது தோது?

கோவையில் 2.5 டன் எலெக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு கொட்டேஷன் கேட்டால் இன்று டொயோட்டா, கியோன் குழுமத்தின் லிண்டே, யுங்ஹைன்ரிஷ், கோத்ரெஜ், பி.ஒய்.டி., ஹாங்சா, ஹெலி, ஈ.பி. என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. தூக்கும் எடை, மாஸ்ட் (ஃபோர்க்கை மேலேற்றும் முன்பக்கச் சட்டம்) உயரம், வேகம் எல்லாம் காகிதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலை மட்டும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கிறது. வாங்குபவர் அந்த விலையைத்தான் முதலில் பார்க்கிறார். பார்க்க வேண்டிய வேறொன்று உண்டு: வண்டி நின்றுபோனால் அதன் எலெக்ட்ரானிக்ஸைத் திறந்து பார்க்கும் கருவியும், மாற்றிப் போடும் பாகமும் கோவையில் யார் கையில் இருக்கின்றன? இந்த மதிப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியை வைத்தே எழுதப்பட்டது.

போட்டி ஏன் இப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எஞ்சின் வண்டிக் காலத்தில் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் இருந்த பலம் எஞ்சின், கியர்பாக்ஸ், ஹைட்ராலிக்ஸ். எலெக்ட்ரிக் வண்டியின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகிறது. அதிலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் என்றால் சீனாதான். பி.ஒய்.டி. தன் செல்லைத் தானே செய்கிறது. ஹெஃபெய் நகரத்து ஹெலியும் ஹாங்ஜோ நகரத்து ஹாங்சாவும் டீசல் ஃபோர்க்லிஃப்ட் செய்து வளர்ந்த பழைய நிறுவனங்கள். செல் விலை இறங்க இறங்க லித்தியத்துக்குத் திரும்பின. 2024-ல் உலகச் சராசரியாக லித்தியம் பேட்டரி பேக் விலை கிலோவாட் மணிக்கு 115 டாலருக்கு வந்தது. ஒரே ஆண்டில் 20% இறக்கம். அமெரிக்கா 2018 முதல் சீனப் பொருட்களுக்குக் கூடுதல் வரி போட்டு வருவதால், அங்கே போக வேண்டிய சரக்கில் ஒரு பங்கு மற்ற நாடுகளின் பக்கம் திரும்பியது.

ஐரோப்பியர்களும் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. கியோனில் சீனாவின் வெய்ச்சாய் 2012-ல் 25% பங்கு வாங்கி, பிறகு அதைக் கூட்டிக்கொண்டது. குறைந்த விலைச் சந்தைக்கு கியோனிடம் பாவோலி என்ற சீன பிராண்டு இருக்கிறது. ஹாம்பர்க்கின் யுங்ஹைன்ரிஷ் ஈ.பி. நிறுவனத்தோடு கைகோத்து நடுத்தர விலையில் தனி பிராண்டு கொண்டுவந்திருக்கிறது. அதனால் 'ஜெர்மன் வண்டி', 'சீன வண்டி' என்ற பழைய பிரிவினையை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது. ஸ்டிக்கரைவிட உள்ளே இருக்கும் மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றும் யாருடையவை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலில் பேட்டரி. 2.5 டன் வண்டிகள் பெரும்பாலும் 80 வோல்ட். மூன்று சக்கர 1.5 டன், 1.8 டன் வண்டிகள் 48 வோல்ட். லெட் ஆசிட் என்றால் 80 வோல்ட்டுக்கு 2 வோல்ட் செல் 40. முழு சார்ஜுக்கு 8 மணி நேரம், அப்புறம் சூடு ஆறவும் நேரம் வேண்டும். ஒரு ஷிஃப்ட்டுக்கு மேல் ஓட்ட வேண்டுமானால் இரண்டாவது பேட்டரி, அதைத் தூக்கி மாற்ற ஏற்பாடு, காற்றோட்டமான தனி இடம் எல்லாம் சேர்ந்து வரும். லித்தியம் வண்டியை டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் பிளக்கில் போட்டே மூன்று ஷிஃப்ட் ஓட்டலாம். ஸ்பின்னிங் மில்லுக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஆனால் டீ நேர சார்ஜையே நம்பி ஓட்டும் இடங்களில் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. திரையில் 30% என்று காட்டிக்கொண்டிருக்கும் வண்டி, பேல் (பஞ்சுப் பொதி) தூக்கும் நேரத்தில் சட்டென்று அணைந்துவிடும். டீலர் ஆள் வந்து 'பேட்டரி போச்சு' என்பார். பெரும்பாலும் போயிருக்காது. அயர்ன் பாஸ்பேட் செல்லின் வோல்ட்டேஜ் 20%-க்கும் 90%-க்கும் நடுவே ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும். பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் எலெக்ட்ரானிக்ஸ்) உள்ளே போன கரண்ட்டையும் வெளியே போன கரண்ட்டையும் எண்ணித்தான் மிச்சத்தைக் கணக்கிடுகிறது. 100% வரை ஏற்றாமலே வாரக்கணக்கில் ஓட்டினால் அந்தக் கணக்கு பிசகிவிடும். செல்களுக்கு இடையே சமநிலையும் கெடும். வாரத்துக்கு ஒரு நாள், மில் லீவு விடும் நாளில், 100% ஏறிய பிறகும் சார்ஜர் தானாக நிறுத்தும்வரை பிளக்கை எடுக்காமல் விட வேண்டும். கையேட்டில் இது இருக்கும். வண்டி ஒப்படைக்கும் நாளில் ஓட்டுநருக்கு யாரும் சொல்வதில்லை.

அடுத்தது வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் ஓரளவு காவல். கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி தாண்டுவது வாடிக்கை. ஷீட் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். செல் வெப்பம் 45 டிகிரிக்கு மேல் போகும்போது பல பி.எம்.எஸ். சார்ஜ் கரண்ட்டைக் குறைக்க ஆரம்பிக்கும். 55 டிகிரி வாக்கில் சார்ஜை நிறுத்தியே விடும். காகிதத்தில் ஒன்றரை மணி நேர சார்ஜ் என்றிருப்பது அங்கே மூன்று மணி நேரமாகிவிடும். ஆகவே டெமோவை டிசம்பரில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். டிசம்பரில்தான் வாங்க வேண்டும் என்றால் எத்தனை டிகிரியில் கரண்ட் குறையும், எத்தனையில் நிற்கும் என்ற அட்டவணையை எழுத்தில் வாங்குங்கள். சார்ஜரை மேற்குச் சுவர் ஓரம் வைக்க வேண்டாம்.

சார்ஜரின் இழுவையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 80 வோல்ட் 200 ஆம்பியர் சார்ஜர் ஒன்று 18 முதல் 20 கிலோவாட் இழுக்கும். இரண்டு வண்டியை ஒரே சாப்பாட்டு நேரத்தில் மாட்டினால் 40 கிலோவாட் கூடும். எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பில் அனுமதித்த டிமாண்டின் விளிம்பில் ஓடும் மில்லுக்கு இது அபராதமாக வந்து நிற்கும். உச்ச நேரத்துக்கு 25% கூடுதல் கட்டணம் இருக்கிறது, இரவு நேரத்துக்கு 5% தள்ளுபடி இருக்கிறது. பெரிய சார்ஜை இரவுக்குத் தள்ளி, பகலில் அரை மணி நேரத் துண்டுகளாக ஏற்றுவதே நல்லது. நேரம் குறித்துவைக்கும் வசதி சார்ஜரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் இல்லை.

இனி வண்டிகள். சீன வண்டிகளில் இரண்டு வேறு வகைகள் உண்டு. ஒன்று, முதலிலிருந்தே எலெக்ட்ரிக்காக வடிவமைத்தது. இன்னொன்று, டீசல் வண்டியின் சேஸிஸில் லித்தியம் பேக்கை வைத்தது. ஈ.பி.யின் இ.எஃப்.எல். வரிசை இரண்டாவது வகை. பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கத்து நார் ஆலைகளுக்கும் காயர் பித் (தேங்காய் நார்த்தூள்) களங்களுக்கும் இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும். தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள இடைவெளி அதிகம், சக்கரம் பெரிது, மண் தரையிலும் ஈரக் களத்திலும் சிக்காது. சுத்தமான எலெக்ட்ரிக் சேஸிஸுக்கு அந்த இடைவெளி குறைவு; சிமென்ட் தரையை விட்டு இறங்கினால் வயிறு தட்டும். பதிலுக்கு டீசல் சேஸிஸ் வகை திரும்ப அதிக இடம் கேட்கும், ஓட்டுநர் ஏறி இறங்கும் படியும் உயரம். திருப்பூர் பனியன் கம்பெனி குடோனில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அதைக் கொண்டுபோய் நுழைக்க முடியாது.

காயர் பித்துக்கு இன்னொரு எச்சரிக்கை. அதில் உப்பு இருக்கிறது. ஈரத்தோடு கேபிள் இணைப்புகளிலும் சார்ஜிங் சாக்கெட்டிலும் படிந்தால் பச்சை பிடித்து, 200 ஆம்பியர் ஓடும்போது பிளக்கே உருகும். பேட்டரி பேக்குக்கு ஐ.பி.67 (தூசும் தண்ணீரும் புகாத தரம்) என்று விளம்பரம் செய்வார்கள். பேக்குக்கு இருப்பது சாக்கெட்டுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பிளக் முனை கறுத்திருக்கிறதா, இழுக்கும்போது லூசாக வருகிறதா என்பதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மோட்டாரில்தான் கோவைக்காரருக்கு ஒரு தனி வசதி. இந்த ஊர் மோட்டாரும் பம்பும் செய்யும் ஊர்; ரீவைண்டிங் தெரிந்த கை கணபதியிலும் பீளமேட்டிலும் உண்டு. வண்டியில் இருப்பது ஏ.சி. இண்டக்‌ஷன் மோட்டார் என்றால், வைண்டிங் எரிந்தாலும் எச் கிளாஸ் இன்சுலேஷன் கம்பியில் இங்கேயே கட்டி, ரோட்டரை பேலன்ஸ் செய்து ஓட்டிவிடலாம். அதில் அடிக்கடி போவது வைண்டிங்கே அல்ல, வேகத்தை அளக்கும் என்கோடர் பேரிங். வண்டி விக்கி விக்கி நகர்ந்தால், அல்லது தவழும் வேகத்துக்கு மேல் போகாமல் இருந்தால், மோட்டாரைக் கழற்றும் முன் அந்தப் பேரிங்கின் ஒயரையும் சிக்னலையும் பாருங்கள். சாதாரண பேரிங்கைப் போட்டு ஓட்ட முடியாது. அதே சென்சார் பேரிங்தான் வேண்டும். ஒன்றை வாங்கி ஸ்டோரில் வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

புதிய மாடல்கள் பல பெர்மனென்ட் மேக்னெட் மோட்டாருக்கு மாறுகின்றன. ஒரே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும், மோட்டார் உருவமும் சிறியது. ஆனால் மேக்னெட் ரோட்டரை வெளியே இழுக்கத் தனி ஃபிக்ஸர் வேண்டும். சூட்டில் காந்தம் பலம் இழந்தால் ரோட்டரையே மாற்ற வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றதும் இங்கே வாகனத் தொழிலே காந்தத்துக்குத் தவித்தது. இருநூறு கிலோமீட்டர் சுற்றளவில் பழுது பார்க்க முடிந்த மோட்டாரை விட்டுவிட்டு, மிச்சமாகும் சில யூனிட்டுக்காக மேக்னெட் மோட்டாருக்குப் போவது ஒற்றை ஷிஃப்ட் ஓடும் இடத்துக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. மூன்று ஷிஃப்ட் ஓடினால் கணக்கு வேறு. அங்கே ஸ்பேர் மோட்டார் இருப்பு பற்றி உத்தரவாதம் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் கர்ட்டிஸ், ஜாப்பி என்ற பெயர்களைப் பார்த்தால் நிம்மதி. அமெரிக்க, இத்தாலியப் பெயர்கள்தான், ஆனால் சீன வண்டிகளிலும் நிறைய வருகின்றன. டீலர் கடையைக் கட்டிவிட்டுப் போனாலும் அவற்றுக்கு வேறு இடத்தில் பாகம் கிடைக்கும், கோளாறைச் சொல்லும் கோட் பட்டியலும் கிடைக்கும். தயாரிப்பாளரே சொந்தமாகச் செய்த கன்ட்ரோலர் என்றால் அந்த ஒரே வாசல்தான். அளவுகளை மாற்றவும் கோட் அழிக்கவும் ஹேண்ட்செட்டும் (வண்டியில் மாட்டிப் பார்க்கும் சோதனைக் கருவி) பாஸ்வேர்டும் வேண்டும். பேட்டரி, சார்ஜர், கன்ட்ரோலர் மூன்றும் கேன் லைனில் (தகவல் பரிமாறும் ஒயரில்) ஒன்றையொன்று அடையாளம் கேட்டுக்கொள்ளும். வேறு சார்ஜரை மாட்டினால் சில வண்டிகள் சார்ஜே ஏற்றாது.

பஞ்சாலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது அடுத்தது. ஆறு மாதம் ப்ளோ ரூம் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதி) பக்கம் ஓடிய வண்டியின் கன்ட்ரோலர் மூடியைத் திறந்தால், அலுமினிய ஃபின்களுக்கு நடுவே பஞ்சு, ஹைட்ராலிக் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளிபோல் இறுகி உட்கார்ந்திருக்கும். விரலால் உரித்தால் ஒரே துண்டாக வரும். கூலிங் ஃபேனின் இறக்கையைச் சுற்றியும் அதேதான். கன்ட்ரோலர் சூடு பொறுக்காமல் கரண்ட்டைக் குறைக்கும், வண்டி ரேம்ப் ஏறாது. ஓட்டுநர் பேட்டரியைக் குறை சொல்வார். வாரம் ஒருமுறை வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் பஞ்சு இன்னும் உள்ளே, கான்டாக்டர் (கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) பக்கம் போய் ஒளியும். தீப்பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். ஸ்டாக்கர் (நடந்தபடி இயக்கும் சிறிய தூக்கு வண்டி), பேலட் டிரக் சக்கரங்களில் நூல் சுற்றுவது இன்னொரு வினை. ஆக்ஸிலில் சுற்றிய நூல் இறுகி பேரிங் சீலை அறுத்துவிடும், அப்புறம் கிரீஸ் வெளியே, தூசு உள்ளே. அந்தச் சக்கரங்களுக்கு நூல் காப்பு வளையம் உண்டா என்று கொட்டேஷன் நேரத்திலேயே கேளுங்கள். மாடலைப் பொறுத்துக் கூடுதல் பாகமாகக் கிடைக்கும்.

ஃபவுண்டரிக்கு எதிர் மாதிரியான தொல்லை. அரசூர், குறிச்சி, மலுமிச்சம்பட்டி வட்டாரத்து வார்ப்படக் கடைகளில் தரையில் கிடக்கும் காஸ்டிங் பிசிறு பாலியூரித்தேன் சக்கரத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அங்கே ஸ்டாக்கரே வேண்டாம். சாலிட் ரப்பர் டயர் போட்ட நாலு சக்கர வண்டி போடுங்கள். வார்ப்பு மணல் மாஸ்ட் செயினிலும் டில்ட் சிலிண்டர் ராடிலும் ஒட்டி எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலைத் தின்னும். வருடம் ஒரு சீல் கிட் செலவை இப்போதே எழுதிவையுங்கள்.

ஐரோப்பிய, ஜப்பானிய வண்டிகளுக்குக் கூடுதல் காசு கொடுப்பது எங்கே நியாயம்? எங்கள் பார்வையில் ரீச் டிரக்கில் (இடுக்கு வழியில் உயர ரேக்குக்குத் தூக்கும் வண்டி). பெருந்துறை, பல்லடம் பக்கத்துப் பெரிய கிடங்குகளில் 8, 9 மீட்டர் உயர ரேக்கில் பேலட் வைக்கும்போது மாஸ்ட் ஆட்டம் சட்டென்று அடங்குகிறதா, ஃபோர்க் சொன்ன மில்லிமீட்டரில் நிற்கிறதா என்பதுதான் வேலையின் வேகம். லிண்டே, யுங்ஹைன்ரிஷ், டொயோட்டா இந்த வேலையில் இன்னும் முன்னால் நிற்கின்றன. மாஸ்ட் கட்டமைப்பிலும், ஓட்டுநர் இருக்கையிலும், இடுக்கு வழியில் திரும்புவதிலும் வித்தியாசம் கைக்குத் தெரியும். அதே பணத்தை 3 மீட்டருக்கு மேல் தூக்காத பஞ்சு குடோனில் போடுவது வீண்.

கோத்ரெஜ் பக்கம் வந்தால், பாகம் கிடைப்பதும் ஆள் வருவதும் பெரிய பலம். தினம் மூன்று நான்கு மணி நேரமே ஓடும் இடத்துக்கு லெட் ஆசிட் இன்றும் சரியான தேர்வுதான். லித்தியம் லித்தியம் என்று எல்லாரும் ஓடுவதால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் 1,200 முதல் 1,500 சார்ஜ் சைக்கிள் வரும். லித்தியம் 3,000-ஐத் தாண்டும். ஒழுங்கு என்பதன் பொருள்: 80%-க்கு மேல் காலி செய்யக் கூடாது, தண்ணீர் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. கொங்கு நாட்டு போர்வெல் தண்ணீரின் உப்பைச் சொல்லத் தேவையில்லை. ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றக் கூடாது. அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். முழு சார்ஜில் ஹைட்ரோமீட்டர் 1.280 அருகே காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் 1.200-க்குக் கீழே நின்றால் ஈக்வலைசிங் சார்ஜ் (எல்லாச் செல்லையும் சமமாக்கும் கூடுதல் சார்ஜ்) போட்டுப் பாருங்கள், தேறாவிட்டால் அந்த ஒற்றைச் செல்லை மாற்றுங்கள்.

பழைய லெட் ஆசிட் வண்டிக்கு லித்தியம் பேக் மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: எடை எவ்வளவு? 80 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒரு டன்னுக்கு மேல் இருக்கும், வண்டியின் பின்பாரத்தில் அதுவும் ஒரு பங்கு. வண்டித் தகட்டில் குறைந்தபட்ச பேட்டரி எடை அச்சிட்டிருக்கும். லித்தியம் பேக்கோடு இரும்புப் பாரம் சேர்த்து அந்த எடையை எட்டாவிட்டால், மேலே தூக்கும்போது வண்டி முன்னால் கவிழலாம்.

2.5 டன் என்ற எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. ஃபோர்க் முகத்திலிருந்து 500 மி.மீ. தள்ளி எடையின் மையம் இருந்தால்தான் 2.5 டன். நீளமான பெட்டியால் மையம் 600-க்குப் போனால், முன் ஆக்ஸிலுக்கும் ஃபோர்க் முகத்துக்கும் 450 மி.மீ. என்று வைத்து, 2,500 × 950 ÷ 1,050 = சுமார் 2,260 கிலோ. பேல் கிளாம்ப் (பொதியை இருபுறமும் பிடிக்கும் கவ்வி) மாட்டினால் அதன் சொந்த எடையும் சேர்ந்து 2 டன்னுக்கும் கீழே போய்விடும். 170 கிலோ பேல் எட்டைச் சேர்த்துப் பிடித்தால் 1,360 கிலோ, அது சரிவரும். உயரத்தில் எவ்வளவு என்பதற்கு கிளாம்ப்போடு சேர்த்த தனித் தகடு வாங்குங்கள். கரூர், திருப்பூரில் தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னருக்குள் ஏற்றுபவர்கள் மூடிய மாஸ்ட் உயரத்தைப் பாருங்கள். சாதாரண கன்டெய்னர் கதவு 2.28 மீட்டர்தான். மாஸ்ட் வெளியே நீளாமலே ஃபோர்க் உயரும் ஃபுல் ஃப்ரீ லிஃப்ட் இல்லாவிட்டால் இரண்டாவது அடுக்கை உள்ளே வைக்க முடியாது.

ஓட்டும் செலவு: டீசல் வண்டி மணிக்கு 2.5 லிட்டர், லிட்டர் 92 ரூபாய் என்றால் 230 ரூபாய். எலெக்ட்ரிக் மணிக்கு 6 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 48 ரூபாய். வருடம் 2,000 மணி நேரம் ஓட்டினால் 3,64,000 ரூபாய் மிச்சம். 600 மணி நேரமே ஓடும் இடத்தில் இது 1,09,200 ரூபாய்க்கு இறங்கிவிடும். அங்கே லித்தியத்தின் கூடுதல் விலையை எடுப்பதற்குள் பல வருடங்கள் ஆகும்.

ஆர்டர் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில. பேட்டரி வாரண்டி '5 ஆண்டு அல்லது 10,000 மணி நேரம், எது முன்போ' என்ற மாதிரி இருந்தால், எந்த அளவுக்குத் திறன் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்ற சதவீதமும், திறனை அளக்கும் முறையும் அதிலேயே இருக்க வேண்டும். பேட்டரியின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். துறைமுகத்திலும் டீலர் யார்டிலும் மாதக்கணக்கில் கிடந்த பேக்கில் பி.எம்.எஸ். சொட்டுச் சொட்டாகக் குடித்து செல்லை 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கியிருக்கலாம். ஒவ்வொரு செல் வோல்ட்டேஜையும் ஹேண்ட்செட்டில் காட்டச் சொல்லி, மிக உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செகண்ட்ஹேண்ட் வண்டி என்றால் ஃபோர்க் குதிகாலின் தடிமன் 10% தேய்ந்திருந்தால் ஃபோர்க்கையும், மாஸ்ட் செயின் 3% நீண்டிருந்தால் செயினையும் விலையிலிருந்து கழித்துவிடுங்கள். ஆண்டுக்கொருமுறை தகுதி பெற்றவர் தரும் சோதனைச் சான்றும் கூடவே வர வேண்டும்.

கடைசியாகப் பேச வேண்டியது ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்). 'கூப்பிட்ட 24 மணி நேரத்தில் ஆள் வருவார்' என்ற வரிக்குப் பெரிய மதிப்பில்லை. ஆள் வந்து திரையில் உள்ள கோளாறுக் கோட் எண்ணைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார். 'கான்டாக்டர், ஆக்ஸிலரேட்டர் பெடல், என்கோடர் பேரிங், டி.சி. கன்வர்ட்டர், டிஸ்பிளே ஆகிய ஐந்தும் கோவை ஸ்டோரில் இருப்பில் இருக்கும். 72 மணி நேரத்தில் வண்டி ஓடாவிட்டால் மாற்று வண்டி தரப்படும்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஸ்டோருக்கு நேரில் போய் அலமாரியில் பாகத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எழுதித் தர மறுக்கும் டீலரின் வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும், எந்த நாட்டுப் பெயர் ஒட்டியிருந்தாலும், எங்கள் பட்டியலில் இல்லை.